மானியம் 35 சதவீதம் சரி, சாமை எத்தனை மூட்டை?

கேள்வி: நான் கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்து ஊர். மலையாளி பழங்குடி. வயது 27, பி.காம். படித்திருக்கிறேன். திருப்பூரில் மூன்று வருடம் கணக்கு வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். அம்மா இன்றைக்கும் சாமையை உரலில்தான் குத்துகிறார். சாமை அரைத்து பாக்கெட் போடவும், மிளகைச் சுத்தம் செய்து விற்கவும் சிறு ஆலை தொடங்க ஆசை. கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. இயந்திரக் கம்பெனி ஆள் 8,60,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஒரு புரோக்கர், “35 சதவீதம் மானியத்தோடு கடன் வாங்கித் தருகிறேன், எனக்கு 40,000 கொடுங்கள்” என்கிறார். வங்கியில் கேட்டால் அப்பாவின் நிலப் பட்டாவை வைக்கச் சொல்கிறார்கள். போன வருடம் எங்கள் மூன்று ஊரிலும் சேர்த்து வெளியே விற்ற சாமை 5 டன் இருக்கும். எந்தத் திட்டத்தில் போவது? பட்டாவைக் கொடுக்கலாமா? இன்னொன்று: பாக்கெட்டில் ‘மலையாளி’ என்று போட்டால் கேரளத்துச் சரக்கு என்று நினைத்துவிடுவார்களோ?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டாவில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். கொடுக்காதீர்கள். சிறு, குறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கத் தனியாக அரசு அறக்கட்டளையே இருக்கிறது; நீங்கள் கட்டத் தவறினால் வங்கிக்குப் பெரும்பகுதியை அது ஈடுகட்டும். வாங்கும் இயந்திரம் வங்கியின் பேரில் பிணையாக இருக்கும், அவ்வளவுதான். கவுன்ட்டரில் வாயால் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இப்படிக் கேட்டதுமே பாதி மேலாளர்கள் “சரி, உட்காருங்கம்மா” என்பார்கள். நானும் 31 வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன், அனுபவத்தில் சொல்கிறேன். அப்போதும் நகரவில்லை என்றால் நாமக்கல்லில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

புரோக்கர் விஷயம். இந்தத் திட்டங்களில் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. சிறுதொழிலுக்கு அரசு கொடுக்கும் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே போனில் போட்டுவிடலாம். பி.காம். படித்தவர், திருப்பூரில் கணக்கு எழுதியவர், 40,000 ரூபாயை இதற்குக் கொடுப்பானேன்? அந்த 40,000-க்கு ஒரு டன் சாமை வாங்கலாம். அப்புறம், இயந்திரக் கம்பெனி கொடுத்த கொட்டேஷனில் புரோக்கர் பங்கும் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. வங்கி, கடன் பணத்தை உங்கள் கையில் தராது, நேராக இயந்திரம் விற்பவர் கணக்குக்குத்தான் அனுப்பும். புரோக்கருக்கு வருமானம் அங்கேதான்.

இனி திட்டம். உங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் ஒன்றிரண்டு அல்ல, அதுதான் குழப்பமே. மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். கிராமப்புறப் பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம், உங்கள் கைப்பணம் 5 சதவீதம் போதும். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-இல் வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மட்டுமானது. அதிலும் 35 சதவீதம். அந்த மானியத்தையே உங்கள் பங்காக எடுத்துக்கொள்வதால் கைப்பணம் போட வேண்டாம், ஒழுங்காகக் கட்டினால் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு என்று மத்திய அரசின் தனித் திட்டம் ஒன்று, அதிலும் 35. தாட்கோ, அதாவது ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில அரசுக் கழகம், அதன் வழியாக முதலமைச்சர் பெயரில் இன்னொன்று, அதிலும் 35, மூன்றரை லட்சம் வரை. எல்லாரும் கூடிப் பேசி வைத்த மாதிரி அதே எண்.

புரோக்கர் உங்களிடம் அந்த 35-ஐத்தான் சொன்னார். என் கவலை மீதி 65-ஐப் பற்றியது.

கணக்கைப் போட்டுவிடுவோம். 8,60,000-இல் 35 சதவீதம் 3,01,000. மீதி 5,59,000 கடன். 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 12,150 ரூபாய். வருடத்துக்கு 1,45,800. இதைச் சாமை கட்டுமா?

ஒரு டன் சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் போடும் விலைகள் கணக்குக்காக மட்டும். உங்கள் சந்தை விலையை நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் 40,000. உமி, தவிடு, நொய், கல் எல்லாம் போக 600 கிலோ அரிசி தேறுகிறது என்று வைப்போம். மொத்தமாகக் கிலோ 90 ரூபாய்க்குப் போனால் 54,000. சாக்கு, மின்சாரம், கூலி, கீழே இறக்கும் வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு 6,000. நிற்பது 8,000 ரூபாய்.

டன்னுக்கு 8,000. தவணை 1,45,800. ஆக, தவணை கட்ட மட்டும் 18 டன் சாமை அரைக்க வேண்டும். நூறு கிலோ மூட்டையாகப் பார்த்தால் 180 மூட்டை. 6 சதவீத வட்டி மானியம் முதல் வருடத்தில் 30,000 அளவுக்குக் கணக்கில் திரும்பி வரும் என்றாலும் 14 டன்னுக்கு மேல் வேண்டும். உங்களுக்கு என்று ஒரு ரூபாய் கூட எடுக்காமல். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூன்று ஊரிலும் சேர்த்து விற்பனைக்கு வந்தது 5 டன்.

மீதி எங்கிருந்து வரும்? கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் நின்ற காடுகளில் எத்தனையோ இப்போது மரவள்ளி நிற்கிறது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. சாமை குறைந்ததற்கு உங்கள் அம்மா கையில் இருக்கும் உலக்கையும் ஒரு காரணம். குத்திப் புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள் விட்டுப்போகும், ரேஷன் அரிசியோ சும்மா வருகிறது. அந்த வகையில் உங்கள் யோசனை மிக நல்ல யோசனை. ஊரில் ஒரு இயந்திரம் இருந்தால் சாமை போடுகிறவர்கள் கூடலாம். ஆனால் கூடுவதற்கு இரண்டு மூன்று போகம் ஆகும். தவணை ஆறாவது மாதமே ஆரம்பித்துவிடும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் இன்னொரு மலையில் ஒரு கிளையில் கள அலுவலராக இருந்தேன். மார்ச் மாதம். இலக்கில் இரண்டு பழங்குடிக் கடன் பாக்கி. மாவு மில் கேட்டு ஒருவர் வந்திருந்தார், கொட்டேஷன் தடிமனாக இருந்தது, மானியம் தயாராக இருந்தது, நானும் பரிந்துரை எழுதிவிட்டேன். எத்தனை பேர் அரைக்க வருவார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து, மானியத்தைக் கணக்கில் வரவு வைப்பதற்கு முன் செய்யும் ஆய்வுக்கு நானே போனேன். கொட்டகைப் பூட்டைத் திறக்க சாவி கிடைக்கவில்லை, ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்த்தோம். இயந்திரத்தின் மேல் பூஜை போட்ட மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தது. பெல்ட்டை எலி கடித்துவிட்டிருந்தது. ஹாப்பரில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் எங்களுக்குக் கருப்பட்டிக் காபி கொடுத்தார். அவர் மேல் கடன் வாராக்கடன் ஆகி, அதற்கப்புறம் எந்த வங்கியிலும் அவருக்கு ஒரு ரூபாய் பெயரவில்லை. என் இலக்கு மட்டும் அந்த மார்ச்சிலேயே முடிந்திருந்தது.

உங்கள் கொட்டேஷனுக்கு வருகிறேன். உமி நீக்கும் இயந்திரம் 1,25,000. கல் நீக்கி 65,000. பாலிஷர் 95,000. மாவு அரைக்கும் இயந்திரம் 85,000. தானியங்கி பாக்கெட் இயந்திரம் 1,70,000. கொட்டகை 2,40,000. பொருத்துவதற்கும் மற்றவைக்கும் 80,000. இதில் உங்களுக்கு இப்போது தேவை முதல் இரண்டும்தான்.

பாலிஷரை முதலில் அடியுங்கள். சிறுதானியம் தேடி வாங்குகிற ஆள் தவிடு போகாத அரிசியைத்தான் கேட்கிறார். 95,000 கொடுத்து அந்தத் தவிட்டை நீங்களே சுரண்டி எறிவானேன்? மாவு இயந்திரம் பிறகு. வாரம் 30 கிலோ பாக்கெட் போட தானியங்கி எதற்கு, கையால் அழுத்தி ஒட்டும் சீலர் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். கொட்டகைக்கு உங்கள் வீட்டு ஓட்டுச் சாய்ப்பைச் சரிசெய்யுங்கள். தளம் மட்டும் கெட்டியாக இருக்கட்டும், இயந்திரம் அதிரும். இடம் அப்பா பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு வாடகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வங்கி கேட்கும். சிறிய உமி நீக்கி சாதாரண வீட்டு ஒருமுனை மின்சாரத்தில் ஓடுமா, மும்முனை வேண்டுமா என்பதை வாங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மலையில் மும்முனை இணைப்புக்குக் கம்பம் நடச் சொன்னால் அந்தச் செலவு இயந்திர விலையைத் தாண்டும்.

ஆக இயந்திரங்கள் 1,90,000, வயரிங், சல்லடைகளுக்கு 10,000. இரண்டு லட்சம்.

இந்த இரண்டு லட்சத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறது. தேசியப் பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் 2001-இல் தொடங்கியது. அதில் பழங்குடிப் பெண்களுக்கு என்று ‘ஆதிவாசி மகளிர்’ கடன் ஒன்று உண்டு: 2 லட்சம் வரையிலான தொழிலுக்கு 90 சதவீதக் கடன், வருடத்துக்கு 4 சதவீத வட்டி. நம் மாநிலத்தில் தாட்கோ வழியாக வருகிறது. 1,80,000 கடன், ஐந்து வருடம் என்றால் மாதத்துக்குச் சுமார் 3,300 ரூபாய். வருடத்துக்கு 40,000-க்குச் சற்றுக் குறைவு. டன்னுக்கு 8,000 வீதம் 5 டன் இதைக் கட்டிவிடும். உங்கள் மூன்று ஊரின் 5 டன். புரோக்கர் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார், இதில் அவருக்கு ஒன்றும் நிற்காது.

குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல் தாட்கோ அலுவலகத்தில் “இந்த வருடம் நிதி வரவில்லை” என்று சொல்லவும் கூடும். சொன்னால் அதே இரண்டு லட்சத்துக்குத் தாட்கோவின் 35 சதவீதத் திட்டத்தில் மனு போடுங்கள், அல்லது வங்கியில் முத்ரா என்ற சிறுதொழில் கடனைக் கேளுங்கள். தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம், எந்தக் கதவு என்பது இரண்டாவது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.எம்.இ.ஜி.பி.யின் 35 சதவீதம் புதிய தொழிலுக்கு மட்டும். சிறியதாக இப்போதே தொடங்கிவிட்டால் பிறகு அந்த ஆலையைக் காட்டி அந்த 35-ஐ வாங்க முடியாது. இது ஒரு இழப்புதான். ஆனால் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் நடக்கும் தொழிலை விரிவாக்கவும் தருகிறார்கள். இரண்டு வருட விற்பனைக் கணக்கோடு நீங்கள் அங்கே போய் நின்றால், இன்றைக்குப் பட்டா கேட்ட அதே வங்கி வேறு மாதிரிப் பேசும்.

‘மானியம்தானே, கட்டாவிட்டால் என்ன’ என்று ஊரில் யாராவது சொல்வார்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் மானியம் வந்ததும் உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். ஆலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடினால் அந்தப் பணம் அரசுக்கே திரும்பிப் போகும், முழுக் கடனும் உங்கள் தலையில்.

உங்கள் கொட்டேஷனில் இல்லாத ஒன்று இருக்கிறது, கடிதத்திலும் இல்லை: சாமை வாங்கும் பணம். அறுவடை முடிந்த கையோடு வியாபாரி வந்து ரொக்கம் கொடுத்து அள்ளிக்கொண்டு போகிறார். மிளகிலோ கொடியில் காய் பச்சையாக இருக்கும்போதே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடக் கட்டணம், வைத்தியச் செலவு, ஆடிப் பண்டிகை என்று வீட்டில் முடை வரும் மாதம் அவருக்குத் தெரியும். உங்கள் அத்தையும் சித்தியும் உங்கள் மேல் எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும், அந்த மாதத்தில் ரொக்கம் கொடுப்பவருக்குத்தான் மூட்டை போகும். நீங்கள் போட்டியிடப் போவது அவர் முன்பணத்தோடு. 8,60,000-உம் இயந்திரத்திலும் சிமென்டிலும் போய்விட்டால் எதைக் கொண்டு போட்டியிடுவீர்கள்?

எனவே உங்கள் 90,000-ஐ இப்படிப் பிரியுங்கள். 20,000 கடனுக்கான உங்கள் பங்கு. 70,000-ஐத் தொடாமல் வையுங்கள், அது சாமைக்கும் மிளகுக்கும். அதில் ஒன்றரை டன் வாங்கலாம், விற்று வந்த பணத்தில் அடுத்த ஒன்றரை. மகளிர் குழுவில் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால் குழுவின் வங்கிக் கடனை அறுவடை மாதத்தில் வாங்கிச் சுழற்றலாம். உங்கள் பகுதி மலைவாழ் மக்கள் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலும், லேம்ப் சொசைட்டி என்பீர்களே, விசாரியுங்கள்.

சாமையை வாங்கி உமியோடு வையுங்கள். இது முக்கியம். உமி இருக்கும்வரை சாமை வருடக்கணக்கில் நிற்கும். உமி நீக்கித் தவிட்டோடு பாக்கெட்டில் போட்டால் சில மாதத்தில் தவிட்டு எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், கசக்கும். ஒரு தரம் அந்த வாடை வந்த பாக்கெட்டை வாங்கியவர் மறுபடி வாங்க மாட்டார். ஆர்டர் வந்த அளவுக்கு அரையுங்கள்.

இன்னொரு வருமானம் கூலிக்கு அரைப்பது. விற்கிற 5 டன் போக, வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் சாமை எவ்வளவு? அது ஒரு 6 டன் என்று வைத்து, கிலோவுக்கு 5 ரூபாய் கூலி வாங்கினால் 30,000. மின்சாரம், தேய்மானம் போக 24,000 நிற்கும். இதற்கு முதலே வேண்டாம், சாமை அவர்களுடையது. உங்கள் அம்மாவின் வயதில் இருப்பவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். இருபது கிலோவைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அரிசி, நொய், தவிடு, உமி நான்கையும் தனித்தனியாகக் கேட்பார்கள். தவிடு மாட்டுக்கு, நொய் கஞ்சிக்கு. உமியைக் கூட விட மாட்டார்கள், விடவும் கூடாது.

மிளகுக்கு இப்போது இயந்திரமே வேண்டாம். பறித்த பச்சை மிளகைக் கூடையோடு ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்து, தார்ப்பாயில் காயப்போட்டால் ஒரே சீரான கருப்பாகக் காயும், சீக்கிரமும் காயும். மண்ணில் காயப்போடாமல் இருந்தாலே விலை ஏறும். பச்சை மூன்று கிலோ, காய்ந்தால் ஒரு கிலோ என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சலித்து, பொக்கு நீக்கி, 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டு, கிலோவுக்கு 50 ரூபாய் நின்றாலும் வருடத்துக்கு 400 கிலோவில் 20,000. கூலி அரைப்போடு சேர்த்தால் தவணை போகக் கையில் 44,000. மாதத்துக்கு 3,700 கூட இல்லை. திருப்பூர்ச் சம்பளத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லைதான். முதல் இரண்டு வருடம் பக்கத்தில் வேறு வருமானமும் இருக்கட்டும். ஆலையே சோறு போடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இயந்திரம் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ச் சாமையில் ரகத்துக்கு இருபது கிலோ எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்துக்குப் போங்கள். பெருஞ்சாமையின் மணியும் மல்லியச்சாமையின் மணியும் ஒன்றல்ல, சல்லடைக் கண் மாற வேண்டும். கம்பெனிக்காரர் காட்டும் வீடியோவில் ஓடுவது அவர் தேர்ந்தெடுத்த சாமை. அரைத்து முடிந்ததும் அரிசி, நொய், உமி நீங்காதது எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். நான் மேலே போட்ட 600 கிலோ இடத்தில் அந்த எண்ணை வையுங்கள். 550 வந்தால் டன்னுக்கு நிற்பது 8,000-இலிருந்து 3,500 ஆகிவிடும். ஐம்பது கிலோவில் தொழிலே சாய்ந்துவிடுகிறது, பார்த்தீர்களா. திருவண்ணாமலை அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. கொல்லிமலையிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடமாக ஊர்க் குழுக்களுக்குச் சிறு அரவை இயந்திரங்கள் கொடுத்து வேலை செய்திருக்கிறது. அந்தக் குழுப் பெண்களிடம் போய்ப் பேசுங்கள். எந்த பாகம் அடிக்கடி உடைகிறது, உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது என்று அவர்கள் சொல்வது என் பதிலைவிடப் பயன்படும்.

விற்பதைப் பற்றி ஒன்று. பழங்குடியினர் நடத்தி நிலைத்த தொழில்களைப் பார்த்தால், வாங்குகிற ஆள் யார் என்பது முதலிலேயே தெரிந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் ஆரம்பித்தது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோன பிறகு, அதே கைத்திறனை விஷம் எடுக்கத் திருப்பினார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் கம்பெனிகள் வாங்கிக்கொண்டன. கோத்தகிரியில் 2013-இல் தொடங்கிய ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் நீலகிரித் தேனும் மிளகும் காப்பியும் விற்கிறது, பங்குதாரர்கள் பழங்குடியினரே. 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு வாங்கியது. இரண்டும் தனி ஆளாகச் செய்ததல்ல. நீங்களும் நாளைக்கு அந்த வழிக்குப் போகலாம், ஆனால் முதல் வருடமே பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கணக்குக்குச் சண்டை போடாதீர்கள். முதலில் சோளக்காட்டுச் சந்தை, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் வருகிற கூட்டம், நாமக்கல்லில் இரண்டு கடை. இவர்கள் மாதம் எத்தனை கிலோ எடுப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வல்வில் ஓரி விழாவின்போது ஆகும் விற்பனையை வைத்து வருடக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

காகிதங்கள்: உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, உங்கள் அளவுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். உத்யம் பதிவு. கோட்டாட்சியர் கொடுத்த பழங்குடிச் சான்றிதழ்; வட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட பழைய காகிதம் வீட்டில் இருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள், கோட்டாட்சியரிடம் புதிதாக வாங்குங்கள். பழங்குடிப் பட்டியலில் மலையாளிகள் மாவட்டம் வாரியாகத்தான் இருக்கிறார்கள், அதில் சேலம் உண்டு. நாமக்கல் பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது, அதனால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. இதே மலையாளி மக்கள் ஈரோடு பர்கூர் மலையில் இருக்கிறார்கள். பட்டியலில் அந்த மாவட்டம் சேராததால் அவர்களுக்கு இந்தச் சான்றிதழே கிடைப்பதில்லை. மேலே சொன்ன எந்தக் கதவும் அவர்களுக்குப் பழங்குடி என்ற முறையில் திறக்காது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

உங்கள் பெயரில் நுண்கடன் ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். அம்மாவுக்காகவோ அக்காவுக்காகவோ கையெழுத்துப் போட்ட குழுக்கடனில் இரண்டு தவணை விட்டிருந்தால் கூட, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியும். வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசம். வங்கிக்குப் போகுமுன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, லேபிள். நீங்கள் பயப்படுவது சரிதான், நாமக்கல் கடைக்காரரே “கேரளாவா?” என்றுதான் கேட்பார். இனப்பெயரை முகப்பில் போட வேண்டாம். ‘கொல்லிமலை பெருஞ்சாமை’ என்று ஊரையும் ரகத்தையும் பெரிதாகப் போடுங்கள். பின்பக்கத்தில், அரைத்த தேதி, எடை, விலைக்குக் கீழே, ‘கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினர் விளைவித்தது’ என்று ஒரு வரி. அந்த வரியை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். முதலில் இருநூறு ஸ்டிக்கர் போதும், ஐயாயிரம் அடித்தால் மலிவு என்று அச்சகத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.